எரிபொருள் சிக்கனச் சங்கத்தின் முதல் வெளியூர்ப் பயணம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கோழிக் கூண்டிலிருந்து கிடைத்தது. விருத்தாசலத்தில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில் அந்தக் கூண்டுக்கு மூடியாக ஒரு தகரப் பலகை கிடந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து: ‘தமிழ்நாடு எரிபொருள் சிக்கன, சூரிய – காற்றுச் சக்திச் சங்கம். தலைமையகம்: விருத்தாசலம்.’

பீங்கான் ஜாடிக்குப் பேர்போன ஊருக்கு ஏன் இந்த ஆசை என்று கேட்டேன்.

“எங்க பெரியம்மா ஆரம்பிச்சதுங்க” என்றார். பெரியம்மாவின் பெயர் அம்புஜவல்லி. கதையில் பாதியை நண்பர் சொன்னார், மீதியை நான் எழுதுகிறேன். எந்தப் பாதி யாருடையது என்று கேட்காதீர்கள். எழுதி முடிப்பதற்குள் எனக்கே மறந்துவிடும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அரபு நாடுகள் எண்ணெய் விலையை ஏற்றியபோது, உலகப் பொருளாதாரமானது...’ கட்டுரை வாடை. விட்டுவிட்டேன்.

அடுத்து: ‘முப்பத்திரண்டு வயதாகியும் அம்புஜவல்லிக்குக் கல்யாணம்...’ இதையும் பாதியில் நிறுத்தினேன். ஊர் அவளைப் பேசத் தொடங்கிய இடத்திலிருந்து நானும் ஏன் தொடங்க வேண்டும்?

சரி, மழையிலிருந்து தொடங்குகிறேன்.

1974 ஐப்பசியில் விடாமல் பெய்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பீங்கான் தொழிற்கூடத்தில் ஊறுகாய் ஜாடிகள் சுடப்படாமல் வரிசையாக நின்றன. மழையில் பச்சை மண் ஜாடி காயவில்லை. காய்ந்ததைச் சுடவோ பர்னஸ் ஆயில் கிடைக்கவில்லை. தினக்கூலிப் பெண்கள் காலையில் வந்து கேட்டருகே நின்றுவிட்டுத் திரும்பினார்கள். “இன்னிக்கும் வேலை இல்லைங்க” என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு ஜாடிகளுக்குப் பளபளப்புப் பூச்சு ஏற்றும் மெருகுப் பிரிவின் சூப்பர்வைசரான அம்புஜவல்லியுடையது.

“மழை நிக்கிற வரைக்கும் புள்ளைங்க வவுத்தக் கட்டிப்போட முடியுமாம்மா?” என்றாள் வீராயி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அந்த வார்த்தையோடு அம்புஜவல்லி ராஜாங்கத்தின் அறைக்குப் போனாள். ராஜாங்கம் அங்கே கெமிஸ்ட். அரியலூர்க்காரன், தனிக்கட்டை. இருவரும் அணைந்த சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். சுட்டு முடித்த சூளை ஆறுவதற்கு நாட்கணக்காகும். அத்தனை சூடும் சும்மா வானத்துக்குப் போகிறது. அதைப் பிடித்துக் காயவைக்கும் கொட்டகைக்குத் திருப்பினால் என்ன?

(இதை முதலில் சொன்னது யார்? குடும்பத்தார் அவள் என்கிறார்கள், உடன் வேலை செய்தவர்கள் அவன் என்கிறார்கள். இருவரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்ததாக வைத்துக்கொள்கிறேன்.)

செங்கல்லால் ஒரு காற்றுப்பாதை கட்டினார்கள். கொஞ்சம் ஆயில் வந்து சேர்ந்ததும் சூளை எரிந்தது. அது ஆறும்போது, வெளியே மழை கொட்டக் கொட்ட, கொட்டகைக்குள் ஜாடிகள் காய்ந்தன. நன்றாகக் காய்ந்த ஜாடி சுடுவதற்கு ஆயிலும் குறைவாகத்தான் கேட்டது. வீராயி கொட்டகைக்குள் வந்து, முகத்தில் அடித்த சூட்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள்.

3

“இது ஒரு சூளையோட நிக்கக் கூடாதுங்க” என்றான் ராஜாங்கம். “மாநிலம் பூரா எத்தனை சூளை, எத்தனை பாய்லரு, எத்தனை அடுப்பு! வெயிலும் காத்தும் வேற வீணாப் போவுது. எல்லாத்துக்கும் சேத்து ஒரு சங்கம் வேணும்.”

“நாம ரெண்டு பேருமா?”

“மொதல்ல ரெண்டு பேருதானேங்க.”

ஞாயிறுதோறும் அவன் ரயிலேறினான், தூர ஊரென்றால் லீவும் போட்டுக்கொண்டு, பஸ்ஸும் மாறி. நாலு திசைக்கும் வண்டி பிரிகிற ஊரில் இருப்பது அதற்கு வசதியாக இருந்தது. அம்புஜவல்லியால் போக முடியவில்லை. அப்பா பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தார். அவளுக்குத் திங்கட்கிழமைகள் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் அவன் சொல்லுவான், அவள் கேட்பாள். சேலத்தில் ஜவ்வரிசியை வெயிலில் கொட்டி வைத்திருக்கும் வெள்ளை வெளியை, கோயம்புத்தூர் வார்ப்படக் கூடங்களை, ஆரல்வாய்மொழியில் நிற்கவிடாமல் தள்ளும் காற்றை. “சட்டையப் புடிச்சு இழுக்குதுங்க, கடன்காரன் மாதிரி” என்றான். அவள் அன்று முழுவதும் அந்தக் காற்றை நினைத்துக்கொண்டே ஜாடிகளை மெருகில் முக்கினாள். கடலூரைத் தாண்டி அவள் எந்த ஊரையும் பார்த்ததில்லை.

(இது காதலா? எனக்கு அந்தச் சொல் மேல் சந்தேகம் இருக்கிறது. அவனுக்காக ஏங்கினாளா, அவன் பார்த்துவிட்டு வந்த ஊர்களுக்காக ஏங்கினாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றை அடித்தால் மற்றதும் சேர்ந்து அழிகிறது.)

4

தொடக்கக் கூட்டம் நடப்பதற்கு முந்தைய வாரம், தொழிற்கூட கேட்டருகே ராஜாங்கம் நின்றான்.

“கோயம்புத்தூர்ல வேலைக்குக் கூப்புடுறாங்க. அங்கேருந்தா சங்கத்தை இன்னும் நல்லா நடத்தலாம். நீங்களும் வந்துடுங்க.”

“சங்கத்துக்கா சார்?”

ராஜாங்கம் சொன்னான்: “                    ”

(இந்த இடத்தை நிரப்ப எனக்குத் தைரியம் இல்லை. அவன் என்ன சொன்னான் என்பதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.)

“அப்பாவ வுட்டுட்டு எப்படிங்க வர்றது?” என்றாள். கூட்டத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவன் கோயம்புத்தூருக்குப் போனான்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சேத்தியாத்தோப்பிலிருந்து ரைஸ்மில் சாமிக்கண்ணு வந்தார். பெண்ணாடத்திலிருந்து இரண்டு கரும்பு விவசாயிகள். விறகுத் தொட்டி அமானுல்லா. வீராயியும் இன்னும் சில கூலிப் பெண்களும். மதியம் வரைக்கும் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அம்புஜவல்லி வாசலைப் பார்த்தாள். சேலம் வரவில்லை, ஆரல்வாய்மொழி வரவில்லை. கோயம்புத்தூரும் வரவில்லை.

“தமிழ்நாடுன்னு போட்டிருக்கீங்க. பெண்ணாடத்தைத் தாண்டி ஒரு ஆளக் காணமே?” என்றார் சாமிக்கண்ணு.

அமானுல்லா எழுந்தார். “வெறகு விக்கிறவன் நான். இந்தச் சங்கம் என் பொழப்புக்கே எதிரி. ஆனா மலையிலேருந்து வர்ற லோடு வருசா வருசம் கொறையுது. நாளைக்கு எம் பேரன் எதை விப்பான்? என் பேரை எழுதிக்கம்மா.”

பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மேடையில் பேசியறியாதவள். ராஜாங்கம் பேசுவதற்கென்று போட்ட நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “ஆளு வரலன்னா நாம போவோங்க” என்றாள். அதுவே போதுமாக இருந்தது. பதிவுக்கு வேண்டிய ஆட்கள் அங்கேயே கிடைத்தார்கள். மாநிலம் வராமலே மாநிலச் சங்கம் பிறந்தது. அவள் செயலாளர்.

5

கூட்டத்துக்கு மறு வருஷம் தையில் அப்பா போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்த, தொழிற்கூடத்தின் பழைய ஃபிட்டர் ஒருவர், கோயம்புத்தூரில் ராஜாங்கத்தைப் பார்த்ததாகச் சொன்னார். “சங்கம் நடக்குதான்னு கேட்டாரு. ஒங்களையும் கேட்டாரு.” வேறு என்ன கேட்டார் என்று அவள் விசாரிக்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்றும் கேட்கவில்லை.

பங்குனியில் சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களிடமிருந்து அழைப்பு வந்தது, சங்கத்திலிருந்து யாராவது வந்து பேச வேண்டுமென்று. ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்பிய அமானுல்லா, பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

“சேலம் வரைக்குந்தானேம்மா?”

“சேலம் வரைக்குந்தான் பாய்.”

சின்னசேலம், ஆத்தூர் என்று பலகைகள் கடந்தன. எல்லாம் திங்கட்கிழமைகளில் அவள் கேட்ட பெயர்கள். நேரில் பார்க்கும்போது ஊர்கள் சொன்னதைவிடச் சிறியவையாகவும், வெயில் சொன்னதைவிடப் பெரியதாகவும் இருந்தன.

சேலம் ஜங்ஷனில் இறங்கியபோது, பக்கத்துப் பிளாட்ஃபாரத்தில் கோயம்புத்தூர் வண்டி நின்றுகொண்டிருந்தது.

6

ஒரு முடிவில் அவள் வெளியே போய், ஆலைக்காரர்களுக்குத் தரையில் சாக்பீஸால் காற்றுப்பாதை வரைந்து காட்டுகிறாள். நல்ல முடிவு. எழுதி முடித்ததும் எனக்கே ரொம்பப் பிடித்துப்போனது, அதனாலேயே நம்பவில்லை.

இன்னொன்றில் வண்டி ஏறுகிறாள். கோயம்புத்தூரில் கதவைத் திறப்பது... இல்லை, இதை எழுத மாட்டேன்.

சேலத்தில் சங்கத்துக்குக் கிளை இருந்தது என்று நண்பர் சொன்னார். அது அன்றைக்கே தொடங்கியதா, திரும்பி வந்து தொடங்கியதா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் இங்கே சொல்லியிருக்க மாட்டேன்.

அம்புஜவல்லி பிளாட்ஃபாரத்தில் நிற்கிறாள். கோயம்புத்தூர் வண்டியின் கார்டு பச்சைக் கொடியை விரிக்கிறார். வாசலுக்கு வந்துவிட்ட ஆலைக்கார ஆள் ஒருவர், இறங்கிய ஆண்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வாயருகே கையைக் குவித்துக் கூப்பிடுகிறார்:

“விருத்தாசலம் சங்கத்துலேருந்து வந்த சாரு யாருங்க?”

பதில் சொல்ல வேண்டியது அவள். அவளை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை உங்களிடம் விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், வண்டி நகரத் தொடங்கிவிட்டது.