முட்டையை உடைத்த முதலாளி

இங்கிலாந்தின் ஓல்டாம் ஊர் நெசவாலைக் கூடத்தில் சனிக்கிழமை மதியம் நூறு பேர் கூடியிருந்தார்கள். நோயில் விழுந்த தொழிலாளிக்குப் பாதிக் கூலி கொடுக்கும் நிதியை மூடலாமா என்று கைதூக்கிச் சொல்ல வேண்டும். செலினா ஆக்டன் வீட்டில் இரண்டு மாதமாக அந்த நிதியால்தான் அடுப்பெரிகிறது. பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி அவள் புருஷன் படுத்துக் கிடக்கிறான்.

முதலாளி கிளெக் மேடையில் கூண்டைத் திறந்து, பரிசு வாங்கிய தன் குட்டை அலகுப் புறாவை எடுத்தார். "பரிணாமம்னா இதான். வலுத்தது வாழும், இளைச்சது சாகும். நடுவுல நாம கை வைக்கக் கூடாது. நிதி குடுக்கிறதும் அப்படிக் கை வைக்கிறதுதான்."

சிலர் தலையாட்டினார்கள். செலினாவின் அப்பாவும் புறா வளர்த்தவர். அந்த அலகைப் பற்றி அவளுக்குத் தெரியும். எழுந்தாள்.

"அழகான புறா, முதலாளி. இது பொரிஞ்சப்ப முட்டையை உடைச்சது யாரு?"

புறா வளர்ப்பவனுக்குப் புறா விஷயத்தில் பொய் வராது. "நான்தான்!" என்றார் பெருமையாக. "இந்த ஜாதிக்கு அலகு பத்தாது, தானா உடைக்காது. விடிஞ்சதுலேருந்து பக்கத்துலயே உக்காந்து, நகத்தால கீறி..." பாதியில் நிறுத்தினார்.

"எங்க வீட்டு ஆளுக்கும் கொஞ்சம் கீறி விடுங்கய்யா!"

கூடம் வெடித்துச் சிரித்தது. கிளெக் புறாவைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூடச் சொல்பவர்கள் கைதூக்கலாம் என்றபோது ஒரு கையும் எழவில்லை. கிளெக்கின் இரண்டு கையிலும் புறா இருந்தது.