நான்காம் அத்தியாயத்து மாமி

பெண்ணுக்குக் காது குத்தியபோதுகூட நாகலட்சுமி இத்தனை பேரைக் கூப்பிட்டதில்லை. மாதங்கி கருத்தரங்க அறையின் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கொல்கத்தா நியூ டவுன் குடியிருப்பின் தமிழ் மாமிகள் முக்கால்வாசிப் பேர் பட்டுப்புடவையில் வந்து இறங்கியிருந்தார்கள். பின்வரிசையில் நாலைந்து மாணவர்கள், இது என்ன கூத்து என்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா. கேசரி என்று திறந்து பார்க்காமலே சொல்லிவிடலாம்.

"ஏம்மா, இது என்ன அரங்கேற்றமா?" என்று மாதங்கி பல்லைக் கடித்தாள்.

"பின்னே என்னவாம்? எட்டு வருஷமாப் படிக்கறே. கல்யாணத்துக்குத்தான் நாலு பேரைக் கூப்பிட விடமாட்டேங்கறே, இதுக்காவது கூப்பிடறேனே!" என்றாள் நாகலட்சுமி. "யார் வேணா வரலாம்னு நீதானேடி சொன்னே?"

சொன்னதுதான். நாவில் சனி. சமூகவியலில் டாக்டர் பட்டம் வாங்குகிறவர்கள் ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் பொதுச் சபையில் அதைப் பற்றிப் பேச வேண்டும், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. வழக்கமாக யார் வந்துவிடப் போகிறார்கள்? சிங்காடா என்கிற வங்காளச் சமோசாவும் சந்தேஷ் இனிப்பும் பாக்கெட்டில் தருவார்களே என்று நாலு மாணவர்கள் வருவார்கள். அவ்வளவுதான். அதை நம்பித்தான் மாதங்கி சாப்பாட்டு மேஜையில் வாயைவிட்டிருந்தாள்.

இன்றைக்குப் பேசி, ஆய்வுக் குழு சரி என்று தலையாட்டினால் ஆய்வேட்டைக் கொடுக்கலாம். ஆட்டாவிட்டால் போச்சு. கெடுவும் முடிந்து, கெடுவின் மேல் வாங்கிய நீட்டிப்பும் இந்த மாதத்தோடு முடிகிறது. பிறகு புதிதாகப் பதிவு செய்து, பாடங்களையும் பரீட்சையையும் அ-விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முப்பத்து மூன்று வயதில் அதற்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது?

அதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜலஜா மாமி வந்திருந்தாள். பக்கத்தில் மாமா வெங்கட்ராமன், துறைமுகத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமி அரக்கு நிறப் பட்டு உடுத்தி, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மாதங்கியின் ஆய்வு, வேலை மாற்றலில் கொல்கத்தாவுக்கு வந்த தமிழ் அதிகாரிகளின் மனைவிமார்களைப் பற்றியது. எத்தனையோ பெண்களோடு பேசியிருந்தாள். ஆனால் நான்காம் அத்தியாயம் முழுக்க ஒரே பெண். அதில் அவளுக்கு வத்சலா என்று பெயர் வைத்து, துறைமுகத்தை வங்கியாக மாற்றி, தெருவை மாற்றி எழுதியிருந்தாள். அந்த வத்சலாதான் ஜலஜா மாமி.

மாமி பேட்டியில் சொன்னது மாதங்கிக்கு மனப்பாடம். அது தொண்ணூறுகளில் நடந்தது, வீட்டில் போன் இல்லாத காலம். திருச்சியில் மாமியின் அம்மா ஒரு வியாழக்கிழமை தவறிப்போனாள். அண்ணா உடனே மாமாவின் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். மாமா சொல்லவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவருடைய மேலதிகாரி குடும்பத்தோடு வீட்டுக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. பதவி உயர்வு அந்தச் சாப்பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமி பன்னிரண்டு பேருக்குச் சமைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மாமா, "இப்பத்தான் தகவல் வந்தது" என்றார். அதற்குள் திருச்சியில் எல்லாம் முடிந்துவிட்டது.

"பெத்தவ செத்துக் கிடக்கா, நான் இங்கே போளி தட்டிண்டிருந்தேன்" என்றாள் மாமி. "நன்னாருக்குன்னு சாப்பிட வந்த அந்த மனுஷர் ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு எங்கண்ணா பேச்சுவாக்குல கேட்டான், 'வியாழக்கிழமையே மாப்பிள்ளைக்குச் சொன்னேனே, உன்கிட்டே அன்னிக்கே சொன்னாரோல்லியோ?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்? கட்டினவரைக் காட்டிக் குடுக்க முடியுமா? ஆமாம்னேன்."

மாமிக்கு உண்மை தெரியும் என்பது மாமாவுக்கு இன்றுவரை தெரியாது. இதையும் மாமிதான் சொன்னாள். தகவல் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் தன் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியை மாதங்கி எல்லோரிடமும் ஒப்பிப்பதுபோல அவளிடமும் ஒப்பித்தாள். மாமி சிரித்தாள். "எதைடி வாபஸ் வாங்கறது? போடி. எழுது, நன்னா எழுது."

இப்போது அந்த மாமா காலை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பெயரை மாற்றினால் என்ன, வங்கி என்றால் என்ன? வியாழக்கிழமை, சனிக்கிழமை, போளி! முதல் வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடாதா? அதுவும் வத்சலா பேசியதை மட்டும் அவள் பேசிய தமிழிலேயே வாசித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு.

பாவி அம்மா! மாமாவையுமா கூப்பிட வேண்டும்?

வழிகாட்டிப் பேராசிரியை ஷர்மிஷ்டா அருகில் வந்து தோளைத் தொட்டார். "நாலாவது அத்தியாயத்துக்கு நிறைய நேரம் வைத்துக்கொள். அதுதான் உன் ஆய்வின் உயிர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மாதங்கி தலையை ஆட்டினாள்.

பேச ஆரம்பித்தாள். மூன்று அத்தியாயங்கள் எப்படிப் போயின என்று அவளுக்கே தெரியாது. மாமிகள் தங்கள் குடியிருப்பின் கதையைக் கேட்டு அங்கங்கே தலையசைத்தார்கள். நாகலட்சுமி பக்கத்திலிருந்தவளிடம், "என் பொண்ணு" என்றாள், அது ஏதோ அந்த அறையில் யாருக்கும் தெரியாத ரகசியம் மாதிரி. திரையில் 'வத்சலா' என்ற தலைப்பு வந்தது.

மாதங்கி மாமியைப் பார்த்தாள். மாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. முந்தானையைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மாதங்கியையே பார்த்தாள். ஐயோ, பயந்து சாகிறாளே என்று மாதங்கியின் நெஞ்சு பதறியது. இந்த வயதில் இந்தக் கூட்டத்துக்கு நடுவில் அந்தக் குடும்பத்தை உடைத்துத்தான் எனக்குப் பட்டம் வேண்டுமா? அவள் அந்தப் பக்கத்தைத் தள்ளி ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போனாள்.

விடுவார்களா? வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர், முடிந்ததும் அதைத்தான் முதலில் கேட்டார். "ஆய்வுச் சுருக்கத்தில் வத்சலாவைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் காணோமே?"

"அவர் தன் சம்மதத்தை வாபஸ் வாங்கிவிட்டார்" என்றாள் மாதங்கி.

ஷர்மிஷ்டா சடாரென்று திரும்பினார். "எப்போது?"

"இன்று காலை. வாய்மொழியாக."

பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. நிபுணர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்மதம் இல்லையென்றால் அந்த அத்தியாயம் இருக்கக் கூடாது, அது சரிதான் என்றார். அது இல்லாமல் மற்றவை தனியே நிற்கவில்லையே என்றும் சொன்னார். குழு ஒரு மூலையில் கூடிப் பேசிவிட்டுத் திரும்பியது. இந்த நிலையில் ஆய்வேட்டை ஏற்பதற்கில்லை. வேறு தகவல்களைச் சேகரித்து, திருத்தி எழுதி மறுபடி வரட்டும். மறுபடி வருவதற்குக் காலம் எங்கே என்று அவர்களுக்கும் தெரியும். ஷர்மிஷ்டா காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. அழுகை முட்டினாலும் மாதங்கிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்? ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்புத்தான் அப்போது அவளைத் தாங்கிப் பிடித்தது.

தாழ்வாரத்தில் நாகலட்சுமி விஷயம் புரியாமல் எல்லோருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தாள். வெங்கட்ராமன் மாமா சிங்காடா பாக்கெட்டோடு மாடிப்படிப் பக்கம் போயிருந்தார். ஜலஜா மாமி தனியாக ஜன்னலோரம் நின்றாள். மாதங்கி கிட்டே போய், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"பயப்படாதீங்கோ மாமி. ஒரு வார்த்தை வெளியிலே வரலை. அம்மா மாமாவையும் கூப்பிடுவான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"உங்கம்மா கூப்பிடலை" என்றாள் மாமி. "நான்தான் அழைச்சிண்டு வந்தேன்."

மாதங்கிக்குப் புரியவில்லை.

"முழங்கால் வலிக்கறது, வரலைன்னார். கெஞ்சிக் கூத்தாடி அழைச்சிண்டு வந்தேன். காது மந்தமாச்சேன்னு ஸ்பீக்கருக்குக் கீழே இடம் பிடிச்சு உக்கார வெச்சேன்." மாமி முந்தானை நுனியை மறுபடி விரலில் சுற்றினாள். "முப்பது வருஷமா என் வாயால சொல்ல வரலைடி. பக்கத்துல படுத்துண்டு, வாய் வரைக்கும் வந்து வந்து முழுங்கினேன். உன் வாயாலயாவது அவர் காதுல விழட்டும்னு நினைச்சேன். பேர் இல்லைன்னா என்ன, அவருக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியணும். அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்தது."

"மாமி... உங்களைப் பார்த்தா பயந்த மாதிரி இருந்தது. அதனாலதான்..."

"பயம்தான். பயந்துண்டேதானே வந்தேன்! வாபஸ் வாங்கிட்டேன்னு சபையிலே சொன்னியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அங்கேயேதானே உக்காந்திருந்தேன்?"

மாதங்கி கையிலிருந்த காகிதங்களைச் சுருட்டினாள்.

"அவரும் அன்னிக்கு இதையேதான் சொல்லியிருப்பார். இவளால தாங்க முடியாது, இவ நல்லதுக்குத்தான்னு. எனக்கு எது தாங்கும், எது தாங்காதுன்னு ஆளாளுக்கு நீங்களே முடிவு பண்ணிடறேள்."

"இப்போ நான் மாமாகிட்டே..."

"இனிமே எங்கே?" என்றாள் மாமி. "ஒரு நாள்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. இன்னிக்கு."

மாமா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். மாதங்கியின் முதுகில் செல்லமாகத் தட்டினார்.

"கவலைப்படாதேம்மா, அடுத்த தரம் குடுத்துடுவா. நீ ரொம்ப நன்னாப் பேசினே. ஆனா இங்கிலீஷ்லயே பேசிட்டியா, இவளுக்குத்தான் பாவம், ஒண்ணும் புரிஞ்சிருக்காது." மாமியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இல்லியா ஜலஜா?"

"ஆமாம்" என்றாள் மாமி. பிறகு அவர் கையைப் பிடித்து, மெல்லப் படி இறக்கி அழைத்துக்கொண்டு போனாள்.