உப்பு விளக்கும் அப்பன் ஜாடையும்

உப்போடையில் பிள்ளைகளுக்கு அப்பன் ஜாடை இரவலாகத்தான் கிடைக்கும். அப்பன் ஊரோடு இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. வெளியே போனவன் என்றாலும், திரும்பி வருகிறவனாக இருந்தால் பிள்ளையே வைத்துக்கொள்ளலாம். வராதவன் என்று முடிவாகிவிட்டால் ஜாடைக்காரர் வருவார். மூக்கோ புருவமோ, எது அப்பனுடையதோ அதைப் பக்குவமாக எடுத்துக்கொண்டு, பொதுவான ஒன்றை வைத்துவிட்டுப் போவார். வலிக்காது. பிள்ளைகள் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும்.

பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பத்தின் மகனுக்குப் போன மாசியில் எடுத்தார்கள். அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அதன் வாசலிலேயே நின்று, பொதுமுகம் உள்ள பையன்களில் கைக்கு எட்டியவனைக் கூட்டிக்கொண்டு வருவாள். இதுவரை யாரும் மாற்றிக் கேட்டு வரவில்லை.

பவுன்தாய்க்குக் கைப்பிள்ளை. பெயர் இசக்கி. அதன் இடது புருவம் நடுவில் ஒரு சுழி சுழித்து மேலே போகும். அழுவதற்கு முன்னால் கீழுதடு முன்னால் வந்து, அழலாமா வேண்டாமா என்று சற்று யோசிக்கும். இரண்டும் அப்படியே அவள் புருஷன் உச்சிமாகாளி. கூட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் பவுன்தாய் அந்த உதட்டைத் தடவிப் பார்த்துப் பிள்ளையைத் தூக்கி வந்துவிடுவாள்.

உச்சிமாகாளி வானத்துக்குப் போயிருந்தான். அங்கே விளக்குக் கட்டுகிற வேலை. போகும்போது தங்கள் பாத்தி உப்பிலேயே ஒரு சாக்கு எடுத்துப்போனான். திரியில் உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாக எரியும் அல்லவா, அவன் அங்கே எரிக்கிற மஞ்சளும் அதுதான், இங்கே பவுன்தாய் அரிக்கேன் விளக்கில் எரிக்கிற மஞ்சளும் அதுதான். அவன் வெளிச்சம் ஊர் வந்து சேர்வதற்குள் நூலாய் இளைத்துப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது வந்து அரிக்கேன் கண்ணாடியில் விழும்போது, உள்ளேயிருக்கிற மஞ்சளோடு உரசும். உரசினால் கண்ணாடி முனகும். அந்த முனகலில் ஏறித்தான் பேச்சு வரும்.

இரண்டு மஞ்சளும் அச்சாக ஒன்றாயிருந்தால் கண்ணாடி வாய் திறக்காது. ஒரு மயிரிழை விலக வேண்டும். ஓடுகிறவன் கையிலிருக்கும் விளக்கு அப்படி லேசாக நிறம் விலகும். வேகம் எவ்வளவோ அவ்வளவு விலகல், விலகல் எவ்வளவோ அவ்வளவு முனகல். கிட்டே வருகிறவன் நிறம் ஒரு பக்கம் விலகும், எட்டப் போகிறவன் நிறம் மறுபக்கம் விலகும். எந்தப் பக்கம் என்று மட்டும் கண்ணாடி சொல்லாது.

வருகிறானா போகிறானா என்று அவனிடமே கேட்டுப் பார்த்தார்கள். “இங்கன மைல் கல்லா இருக்கு? எனக்கு எப்படித் தெரியும்?” என்றான். பிறகு எப்போதும்போல, “சாப்ட்டியா?” என்று கேட்டான்.

அன்று காலை ஜாடைக்காரர் தேவசகாயம் வந்தபோது பிள்ளை முழித்திருந்தது. கையில் ஈரத்துணி விரித்த தூக்குச்சட்டி வைத்திருந்தார்.

“ஏம்மா, எடுத்துறலாமா? வெயில் ஏறுமுன்ன எடுத்தா புருவம் வாடாது.”

பவுன்தாய் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். வெளி ஆள் முன்னால் அவளுக்குப் பேச்சு வராது. மாமியார் சுடலைவடிவுதான் வாசலுக்கு வந்தாள்.

“எம்மவன் வாறான்வே. முனகுதது கேக்கலியா?”

“போறவரும் முனகத்தான் செய்வாரு, பெரியம்மா.”

“ஒம்ம ஜாடைய யாருகிட்டக் குடுத்துட்டு வந்தீரு? மூஞ்சி ஆட்டுரலு கணக்கா மொழுக்குன்னு இருக்கு.”

“எனக்கு ஒண்ணாப்புப் படிக்கையில எடுத்தாங்க,” என்றார் தேவசகாயம். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து, ஈரம் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து பவுன்தாய் அந்த மூடியைப் பார்த்தாள். முந்தின வாரம் பிள்ளை தவழ்ந்து விளக்கைப் பிடிக்கப் போனதும், இவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் ஞாபகம் வந்தது. ஓடும்போது முனகல் மாறியது. ஏறியதா இறங்கியதா என்று பிள்ளையைப் பார்த்த பதற்றத்தில் கவனிக்கவில்லை.

“சார்,” என்றாள். தன் குரலைக் கேட்டுத் தானே ஒரு கணம் நின்றாள். “வெளக்க வச்சிக்கிட்டு நடந்து பாக்கட்டா?”

“தாராளமா. அப்படியும் ஒரு முறை உண்டு. அவரு இருக்க தெசையப் பாத்து நடங்க. முனகல் ஏறுச்சுன்னா அவரு வாறாரு. எறங்குச்சுன்னா போறாரு.”

வெளிச்சம் கிழக்கே, கடலுக்கு மேலிருந்து வந்துகொண்டிருந்தது. பவுன்தாய் பிள்ளையை இடுப்பில் வைத்தாள். விளக்கை ஏந்திக்கொண்டு, உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்பில் நடந்தாள். பின்னால் தேவசகாயம் தூக்குச்சட்டியோடு வந்தார். இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் உறைந்து கிடந்தது.

முனகல் இறங்கியது.

வண்டு முரலுவது போலிருந்தது, திருகை சுற்றுவது போலாயிற்று. தேவசகாயத்துக்கும் கேட்டது. “போறாரும்மா,” என்றார் மெதுவாக. சட்டி மூடி திறக்கும் சத்தம் வந்தது.

பவுன்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். முனகல் இன்னும் இறங்கியது. திருகை நின்று, கண்ணாடிக்குள் யாரோ உலக்கை போடுவது போல் டும்மென்று கேட்டது. அவள் நடக்க நடக்க ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் இடைவெளி நீண்டது. ஒவ்வொரு குத்துக்கும் சுடர் ஊதிப் பெருத்து, பிறகு வாடியது. கடைசியாக ஒரு குத்து விழுந்தது. அடுத்தது வரவில்லை.

“முடிஞ்சுதும்மா. நில்லுங்க,” என்றார் தேவசகாயம்.

பிள்ளையின் கீழுதடு முன்னால் வந்து யோசித்தது. பவுன்தாய் அந்த உதட்டைப் பார்த்தாள். “ஏட்டி, அழாத,” என்றாள். நடையை நிறுத்தவில்லை.

சத்தமே இல்லாத அந்த இடத்தில் அவளும் உச்சிமாகாளியும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கலியாணமான நாளிலிருந்து அப்படிப் போனதே கிடையாது. சந்தைக்கானாலும் கோயில் கொடைக்கானாலும் அவன் நாலு எட்டு முன்னால் போவான். இவள் வேகத்தைக் கூட்டினால் அவனும் கூட்டுவான். இந்த முறை அவன் கூட்டவில்லை. அங்கே கால் ஊன்ற இடமில்லை.

காலில் உப்புக் கீறி எரிந்தது. இன்னும் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

டும் என்றது கண்ணாடி.

வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு சீக்கிரம் சீக்கிரமாக. உலக்கை திருகையானது, திருகை வண்டானது. தேவசகாயம் ஓட்டமும் நடையுமாக வந்து கண்ணாடியில் காதை வைத்தார். மூச்சு வாங்கியது.

“ஏறுதே.”

“ஏறுது சார்.”

“அப்ப தூரம் கொறையுது.” ஓடிக்கொண்டே யோசித்தார். “தூரம் கொறைஞ்சா வாறவருன்னுதான் சட்டம். யாரு நடந்து கொறைஞ்சுதுன்னு அதுல கேக்கல.”

தூக்குச்சட்டியை மூடினார். துணியைப் பிழிந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஆனா நின்னீங்கன்னா அவரு மறுபடி போறவரு ஆயிருவாரு. ஒங்களுக்கே தெரியும்.”

“நிக்க மாட்டேன்,” என்றாள் பவுன்தாய்.

“சரிம்மா.” குனிந்து பிள்ளையின் சுழித்த புருவத்தை ஒருமுறை கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். நீவிய விரலைத் தன் மொழுக்கையான நெற்றியில் கொஞ்சநேரம் வைத்திருந்தார். பிறகு வரப்பிலேயே நின்றுவிட்டார். அவருக்கு இன்னொரு வீடு பாக்கி இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. பாத்திகள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின. கடலின் நீலம் கீற்றாய்த் தெரிந்தது. முனகல் ஒரே சீராக இருந்தது. அதில் ஏறி, முன்னைவிடக் கொஞ்சம் தெளிவாக, உச்சிமாகாளியின் குரல் வந்தது.

“சாப்ட்டியா?”

பவுன்தாய் அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் வீடு வந்துகொண்டிருந்தது. வரப்பு இடியாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தது. அடுப்படிப் புகை பின்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. வாசல்படியில் சுடலைவடிவு கதவு நிலையில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

“ஏளா, நிக்காத!” என்று கத்தினாள். “ஒல கொதிச்சிட்டு. நாங்க எட்டிப் பிடிக்கோம்!”

பவுன்தாய் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு அருகே வாயைக் கொண்டுபோனாள்.

“சோறு பின்னால வருது,” என்றாள்.

பின்னால் வீடு வலது காலை முதலில் எடுத்து வைத்து, அடுத்த வரப்பில் ஏறியது.