இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சிவப்புப் பேனா கையில் இல்லாமல் அவளுக்குப் படிக்கவே வராது. அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய கை அது. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட முதலில் பிழையைப் பார்ப்பாள், அப்புறம்தான் மாப்பிள்ளை யாரென்று பார்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் கையில் மன்னர் எழுதிய புத்தகம் சிக்கினால் சும்மா விடுவாளா?

புத்தகம் அவள் புருஷனுடையது. ஆற்றுப்பாலத்துச் சண்டையில் பதக்கம் வாங்கிய சார்ஜென்ட் அவர். மன்னர் தம் போர் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டபோது, முதல் பக்கத்தில் ‘அஞ்சா நெஞ்சருக்கு, அன்புடன்’ என்று கைப்பட எழுதி அவருக்குக் கொடுத்தார். மனுஷன் அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அந்த முதல் பக்கத்தைக் காட்டுவார். நாலு வருஷத்தில் இரண்டாம் பக்கத்தைப் புரட்டியதில்லை. போன மாதம் முழங்கால் வலிக்காக அவர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்திருந்தபோது அவள் அலமாரியைத் திறந்தாள்.

இன்றைக்குப் பத்து மணிக்கு மன்னர் வீட்டுக்கே வருகிறார். ஊரில் ஏதோ திறப்பு விழாவாம், வழியில் பழைய வீரரைப் பார்த்து டீ குடிப்பாராம். எட்டு மணிக்குச் சார்ஜென்ட் தூசி தட்டலாமென்று புத்தகத்தை எடுத்து விரித்தார்.

“அடிப்பாவி! என்னடி பண்ணி வெச்சிருக்கே?”

“படிச்சேன். நீங்க செய்யாத வேலையை நான் செஞ்சேன்.”

“ராஜா எழுத்துலயே கை வெச்சிருக்கியே!”

“ராஜான்னா வாக்கியம் முடிய வேண்டாமா? ‘ஆகவே’ மட்டும் ஒரே பக்கத்துல பதினோரு தடவை. எழுவாய் இந்தப் பக்கம், பயனிலை அந்தப் பக்கம். படிக்கிறவன் மூச்சு விட வேண்டாமா?”

“மானத்த வாங்கிட்டியே! அழிச்சுத் தொலை.”

“அது மை. பென்சில் இல்ல.”

தலையில் அடித்துக்கொண்டு பிளேடை எடுத்து வந்தார். ஒவ்வொரு பக்கமாகச் சுரண்டப் போகிறாராம்! நானூறு பக்கத்தை இரண்டு மணி நேரத்தில்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடுக்கென்று புத்தகத்தை இழுத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

“எதை வேணா சுரண்டுங்க. இதைத் தொட்டீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

‘பாலம் ஒரே காலையில் நம் வசமானது. நம் தரப்பில் சேதம் சொற்பம்’ என்று மன்னர் எழுதியிருந்தார். ‘சொற்பம்’ என்ற சொல்லின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் அவள் எழுத்து: ‘இருபத்து மூன்று பேர். என் தம்பி உட்பட.’

“நாலு வருஷமா ஊருக்கெல்லாம் காட்டினீங்களே, உள்ள என் தம்பியைச் சொற்பம்னு எழுதியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?”

தெரியாது. அந்தத் தம்பியைப் பாலத்திலிருந்து தோளில் தூக்கிவந்ததே அவர்தான். நடுவழியில் உயிர் போனது தெரியாமல் கரை வரைக்கும் அவனோடு பேசிக்கொண்டே வந்தாராம். சார்ஜென்ட் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிளேடை மேஜையில் வைத்தார்.

“பேனாவக் குடு.”

முதலில் மச்சான் பெயரை எழுதினார். பிறகு ஆஜர் கூப்பிடுகிற வரிசையில் மற்றவர்கள் பெயரை, உதடு அசைய, ஒவ்வொன்றாக ஓரத்தில் எழுதினார். இரண்டு பெயரில் பிழை இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டில் பேனா நின்றுவிட்டது.

“இன்னொருத்தன்... ரேடியோ தூக்கிட்டு வந்தான். புதுசு. சேர்ந்து மூணு நாள்தான் ஆச்சு. குட்டையான்னுதான் கூப்பிடுவோம். பேரு... ஐயோ, பேரு வரமாட்டேங்குதே!”

“நல்லா யோசிங்க.”

“யோசிக்காமலா இருக்கேன்? அவன்கிட்ட கேட்டேனான்னே ஞாபகம் இல்லடி.”

வாசலில் கார் வந்து நின்றது.

மன்னர் உட்கார்ந்ததும் சிரித்துக்கொண்டே தம் புத்தகத்தைக் கேட்டார். அவள் டீத் தட்டோடு நின்றாள். முதல் பக்கத்தைத்தான் காட்டப்போகிறார், அத்தனை பெயரை எழுதியும் இந்த மனுஷன் திருந்தமாட்டார் என்று உள்ளுக்குள் பொருமினாள். சார்ஜென்ட் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு விறைப்பாக நின்றார்.

“மகாராஜா, இருபத்திரண்டு பேரை எழுதிட்டேன். ஒருத்தன் பேரு எனக்கும் தெரியல. உங்க ஆபீஸ் பதிவுல இருக்கும். தேடிக் கொடுக்கணும்.”

மன்னரின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சிவப்பு எழுத்துகளைப் பார்த்தபடியே இருந்தார். உதவியாளர் கடிகாரத்தைக் காட்டியதை அவர் கவனிக்கவில்லை.

“எனக்கு இதுல ஒருத்தர் பேருகூடத் தெரியாது,” என்றார் கடைசியில்.

அவள் டீத் தட்டை ஓரமாக வைத்தாள்.

“அப்போ முதல் பேர்லேர்ந்து படிங்க,” என்றாள். “சத்தமா.”