சிவப்புக் கம்பளத்தில் இறங்க முடியாது

ஹெலிபேடில் சிவப்புக் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள், அந்தப் புத்திசாலிகள். மலை முகட்டைச் செதுக்கி எடுத்த சின்ன மேடை அது. ஹெலிகாப்டரின் கால் இரண்டும் பதிந்தால் மிச்சம் பாதாளம்தான். அதில் நட்ட நடுவிலிருந்து அதிகாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடம்வரை பளபளவென்று ஒரு கம்பளம், காற்றுக்குப் பறக்காமலிருக்க ஓரத்தில் நாலு கல். எங்கள் விசிறி கிளப்பும் காற்றில் தகரக் கூரையே பிய்த்துக்கொண்டு போகும். கம்பளம் எழும்பி விசிறியில் சுற்றிக்கொண்டால் மேலே இருப்பவன், கீழே நிற்பவன் எல்லாரும் ஒரே குவியல். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடப் புரியும் விஷயம். அந்தக் காவல்முனையின் மேஜருக்குப் புரியவில்லை. போன தடவை வந்த பெரியவரின் பூட்ஸில் சேறு ஒட்டிவிட்டதாம், மேஜருக்கு எல்லார் முன்னாலும் வசவு விழுந்ததாம். அதற்குத்தான் இந்தக் கம்பளம்.

"சார், கார்ப்பெட்ட எடுக்கச் சொல்லுங்க. எடுக்காம எறங்க மாட்டேன்" என்றேன் ரேடியோவில்.

"ஜெனரலுக்காகப் போட்டதுப்பா அது" என்றார் மேஜர், கீழேயிருந்து கெஞ்சலாக.

"எறங்கினா ஜெனரலும் என்கூடத்தான் சாவாரு. எடுங்க சார்."

பின்சீட்டில் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருந்த ஜெனரல் செருமினார். என் துணை விமானி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செக்லிஸ்ட்டைப் பாடம் நடத்துகிற மாதிரி வாசிப்பான், அதனால் எங்கள் கூடாரத்தில் அவனுக்குப் பேர் வாத்தி.

கீழே ஐந்து பேர் விழுந்தடித்து அதைச் சுருட்ட, அது காற்றில் அவிழ, மறுபடி சுருட்ட, நான் எண்ணெயை எரித்துக்கொண்டு வட்டமடித்தேன். விடியற்காலையிலேயே தகவல் வந்திருந்தது: இந்த முனையில் ஒரு சிப்பாய்க்குக் குடல்வால் வெடித்துவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும். முதலில் அவனைத் தூக்கி வருகிறேன் என்று கேட்டேன். மேஜைக்குப் பின்னாலிருந்து ஒரு மகான் சொன்னார்: ஜெனரலைக் கொண்டுபோய் விடு, அவனை ஏற்றி வா, திரும்பப் போய் ஜெனரலை எடு. இரண்டு நடைக்கு எண்ணெய் சரியாக இருந்தது. கம்பளத்துக்கு யாரும் கணக்குப் போடவில்லை.

மற்ற நாட்களில் நான் ஒரு மளிகை வண்டிக்காரன். போகும்போது மண்ணெண்ணெய், முட்டை, பேட்டரி. வரும்போது குளிரில் விரல் கறுத்தவன், மூச்சு முட்டுகிறவன். "மேலயே சுத்திட்டிருக்கீங்க, ஜாலிதானே மாமா?" என்று மச்சினன் போனில் கேட்பான். இன்று ஏற்றியது ஜெனரலையும், அவருடைய போட்டோக்காரரையும், மேலே அவர் படம் ஒட்டிய இனிப்பு டப்பாக்களையும். ஜாலிக்கு என்ன குறைச்சல்.

ஒருவழியாக இறங்கினேன். அந்த உயரத்தில் எஞ்சினை அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்று சொல்ல முடியாது, அதனால் ஓடவிட்டபடியே உட்கார்ந்திருந்தேன். ஜெனரல் கை குலுக்கினார், டப்பா கொடுத்தார், தூரத்து மலையை உற்றுப் பார்த்தார். எல்லாம் படமாயிற்று. ஸ்ட்ரெச்சர் ஒரு பாறையோரம் காத்துக்கிடந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் முள்ளைப் பார்த்தேன். ஜெனரலைக் கூப்பிடச் சொன்னேன்.

"சார், இனி ஒரே நடைதான். எண்ணெய் இல்ல, மேகமும் மூடுது. ஸ்ட்ரெச்சர் ஏறணும்னா பின்சீட்ட மடக்கணும். நீங்க இன்னைக்கு இங்கதான் தங்கணும்."

"வெளையாடுறியா? சாயங்காலம் எனக்கு மீட்டிங் இருக்கு. அவன நாளைக்கு எடுத்துக்கலாம்ல?"

"நாளைக்கு எடுத்தா பொணமாத்தான் சார் எடுக்கணும்."

"இது ஆர்டர்."

"வெளிய நீங்க ஜெனரல் சார். இந்த மெஷினுக்குள்ள யார் ஏறணும்னு நான்தான் சொல்லணும். சட்டமே அதான்."

முகம் சிவந்துபோய் வாத்தியைத் தேடினார். வாத்தியின் பதவி உயர்வு அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது, அது அங்கே எல்லாருக்கும் தெரியும். "நீ ஓட்டுவியாய்யா?" என்றார். வாத்தி அதற்குள் இறங்கிப் பின்கதவைத் திறந்திருந்தான். செக்லிஸ்ட் வாசிக்கும் அதே குரலில், "பின்சீட் மடக்கியாச்சு சார்" என்றான்.

ஜெனரல் போட்டோக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சே! நாலு பேர் தூக்கிவந்த ஸ்ட்ரெச்சரில் ஒருவனை ஒதுக்கிவிட்டுத் தானே கைப்பிடியைப் பிடித்தார். சொந்த இடத்தை வீரனுக்கு விட்டுக்கொடுத்த தளபதி. பாதி உள்ளே போனபின், "முகம் தெரியலையே, இன்னொண்ணு எடு" என்று வெளியே இழுக்கச் சொன்னார். இழுத்தார்கள். அந்தப் பையன் அலறினான். எனக்கு வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை. எஞ்சின் சத்தத்தில் அவர் காதில் விழுந்திருக்காது, விழுந்திருந்தாலும் கவலையில்லை. ஒரு மனுஷனா இவன்? இவனுக்கா தோளில் அத்தனை நட்சத்திரம்?

கதவு மூடியது. வாத்தி முன்சீட்டில் ஏறிப் பின்பக்கம் திரும்பிக் குனிந்தான். பையன் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து என்னவோ சொன்னான்.

"என்னடா சொல்றான்?" என்றேன்.

வாத்தி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். "'ஐயா ஏறலையா? நான் வேணா எறங்கிக்கிறேன்'ங்கிறான்."

"வாய மூடிட்டுப் படுக்கச் சொல்லு" என்று கத்தினேன்.

மேடையை விட்டு எழும்பினேன். கண்ணாடிக்கு வெளியே ஜெனரல் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். படுத்திருந்தவனுக்கும் அவர் தெரிந்திருக்க வேண்டும். அவன் வலது கை நெற்றிக்குப் போனது. வாத்தி அதைப் பிடித்துக் கம்பளிக்குள் அழுத்தினான். கை மறுபடி மேலே வந்தது.