துவைச்சுப் போட்ட தொப்பி

ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதுகூட அப்பா என் கையத்தான் புடிச்சு இழுத்தாரு, அம்மா. மூச்சு வாங்குது, சட்டையெல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போச்சு. அப்பவும், "தொப்பியப் பத்தி வாயத் தொறக்காத"ன்னாரு. நான் தலையாட்டிட்டேன். எதுக்குன்னே அப்ப எனக்குத் தெரியல.

இப்ப பரவாயில்ல. உயிரோடதான் இருக்காரு. அத முதல்ல சொல்லியிருக்கணும், இல்ல?

நீ டூட்டில இருப்ப. ஃபோன லாக்கர்ல வச்சுட்டுத்தான் உள்ள போவ. வெளிய வந்துதான் இந்த வாய்ஸ் மெசேஜக் கேப்ப. இருந்தாலும் பேசறேன். இந்த வராண்டாவுல நானும் ஒரு தண்ணி மெஷினும்தான் இருக்கோம். அது நடுவுல நடுவுல கடகடன்னு சத்தம் போடும். நின்னுட்டா பயமா இருக்கு.

நீ வெளிநாடு போனதுக்கப்புறம்தான் அப்பா வேலைத் தொப்பிய லீவு நாள்லயும் போட ஆரம்பிச்சாரு. சாப்பிடும்போது தொப்பி, டிவி பாக்கும்போது தொப்பி. "என்னப்பா, வழுக்கைய மறைக்கறியா?"ன்னு கேட்டா, "இருக்கறதே நாலு முடி, அதுக்கும் குளிராதா?"ம்பாரு.

மெஷின் ரிப்பேருன்னு கம்பெனிய ஒரு வாரம் மூடியிருக்காங்கல்ல, மொத நாளே அத எடுத்துத் துவைச்சுட்டேன். ஒரே பிசுபிசுப்பும்மா. உள்பக்கம் ஒரு துணிப்பட்டை வச்சுத் தைச்சிருந்துச்சு. அழுக்குன்னு அதையும் பிரிச்சு, வெந்நீர்ல ஊறவச்சுக் கசக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல எனக்கு மண்டைக்குள்ள திம்திம்னு ஒரு இடி. வெயில்ல நின்னதாலன்னு நெனச்சுப் போய்ப் படுத்துட்டேன்.

கொடியில தொங்கறதப் பாத்து அப்பா திட்டவே இல்ல. "சரி விடு"ன்னு உள்ள போயிட்டாரு. திட்டியிருக்கலாம். அப்புறம் ரெண்டு நாளா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தாரு. இன்னைக்குச் சாயந்தரம் தட்டுல கை வச்சவரு, அப்படியே நெஞ்சப் புடிச்சுட்டாரு.

டாக்டரம்மா நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை வச்சாங்க. அது கரையறதுக்குள்ள அப்பா மொகம் தெளிஞ்சிடுச்சு. அப்புறம் டெஸ்ட்டெல்லாம் எடுத்துட்டு வெளிய வந்து, "ரத்தக்குழாய்ல அடைப்பு எதுவும் இல்லம்மா. ஆனா சுருங்கியிருக்கு. ஏன்னுதான் புரியல. அவரு வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறாரா?"ன்னு கேட்டாங்க.

இல்லன்னுட்டேன்.

"நல்லா யோசிச்சுப் பாரு. காலையில திரும்பக் கேப்பேன். காரணம் தெரியாம அனுப்பினா, அடுத்த தடவை இங்க வந்து சேரவே நேரம் இருக்காது."

அப்புறம் அப்பாகூட வேலை பாக்கற குண்டு மாமா ஓடி வந்தாரு. தொப்பியத் துவைச்சேன்னதும் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"அடிப்பாவி! அத ஏன்டி தொட்ட?"

"அழுக்கா இருந்துச்சு மாமா."

"அழுக்கா? அது எங்க பொழப்பு, பாப்பா."

அவருதான் சொன்னாரு. அவங்க கம்பெனியில செய்யற, பாறை உடைக்கிற வெடிக்கு ஒரு எண்ணெய் சேக்கறாங்களாம். அது தோல் வழியாவே உடம்புக்குள்ள போயிடுமாம். போனா மூளையில இருக்கற ரத்தக்குழாயெல்லாம் விரிஞ்சு, தலை வெடிக்கற மாதிரி வலிக்குமாம். ரெண்டு மூணு நாள்ல பழகிடுமாம். ஆனா லீவு விட்டா பழக்கம் விட்டுப்போய், திங்கக்கிழமை மறுபடியும் அதே வலி. அதனால அந்த எண்ணெயத் துணியில துளி தொடச்சு தொப்பிக்குள்ள தைச்சுக்குவாங்களாம். லீவுலயும் லேசா உள்ள போயிட்டே இருக்கறதுக்கு.

"திடீர்னு நிறுத்தினா, நெஞ்சுல விரிஞ்சே பழகின குழாய் சுருங்கிக்கும். போன வருஷம் எங்க ஷிப்டுல ஒருத்தன் லீவுலயே செத்துப் போய்ட்டான். டாக்டர் வச்சாங்களே மாத்திரை, அதுவும் நம்ம சரக்குதான், இதே எண்ணெய். கொஞ்சூண்டு, அளவாப் போட்டது."

"அப்ப டாக்டர்கிட்ட சொல்லிடலாமே?"

"சொல்லு. நாளைக்கே கம்பெனிக்குத் தெரியும். வெடிமருந்த வெளிய எடுத்துட்டு வந்தா வேலையும் போகும், போலீசும் வரும். உங்கப்பன் மட்டுமில்ல, மொத்த ஷிப்டும் உள்ள போகும்."

கெளம்பும்போது தன் தொப்பியக் கழட்டி என் மடியில வச்சாரு. "உங்கப்பன் முழிச்சதும் தலையில மாட்டி விட்டுடு. சரியாப் போயிடும்"னாரு.

மறுபடியும் என் மண்டைக்குள்ள திம்திம்னு ஆரம்பிச்சிருச்சு. இத மாட்டினா இப்போதைக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி வராதாம். ஆனா எத்தன லீவுக்கு? மாத்திரையும் குடுத்து இதையும் மாட்டினா என்ன ஆகும்? மாமாவுக்கும் தெரியல. டாக்டரம்மாவுக்குத் தெரியும். அவங்க ரூம்ல இன்னும் லைட் எரியுது.

அம்மா, கண்ணாடி வழியாப் பாக்கறேன், அப்பா முழிச்சிட்டாரு. என் மடியப் பாத்துட்டாரு. "கொண்டா"ன்னு கை நீட்டறாரு.

நான் உள்ள போகவா, இல்ல அந்த ரூம் கதவத் தட்டவா?