பகல் ஒன்று நாற்பது

தடுத்தாளாம்! அந்த வார்த்தையை அடிக்கவே டைப்பிஸ்டுக்குக் குமட்டியது.

நடந்தது இவ்வளவுதான். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, புருஷனின் இறப்புச் சான்றிதழுக்காக நகராட்சி ஆபீசுக்கு ஐந்தாவது தடவையாக வந்திருந்தாள். மணி ஒன்று நாற்பது. ஜன்னலுக்கு உள்ளே அதிகாரி கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டு நேரம், போம்மா" என்று ஜன்னலைச் சாத்தினார். அவள் குறுக்கே கையை வைத்தாள். விரல் நசுங்கி அலறினாள். ஐயாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது; அவள் மேலேயே போலீசில் புகார் என்றார்.

இப்போது அவள் வீங்கிய விரலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"கேஸ் ஆனா என் வேலை போயிடும் தங்கச்சி. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

கம்ப்யூட்டரில் புகார் தயாராகவே இருந்தது. 'அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்து, தகாத வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து...' பெயரையும் நேரத்தையும் மாற்றினால் போதும். ஆறு வருஷத்தில் பதினொரு பேர் அந்த ஆளைக் கொன்றுவிடுவதாக ஒரே வாக்கியத்தில் மிரட்டியிருந்தார்கள். பதினொன்றையும் அடித்தவள் இவள்தான்.

"டைம் பன்னெண்டு நாப்பதுன்னு போடு," என்றார் அதிகாரி, வாயில் மிச்சத்தோடு. "சாப்பாட்டு நேரம்னா டியூட்டி இல்லைன்னு வக்கீல் பிடிச்சுக்குவான்."

"சார், அந்த அக்கா வந்தது ஒண்ணு நாப்பதுக்கு..."

"உன்னைக் கேட்டேனா? அடி."

அடித்தாள். பழைய வாக்கியத்தை முழுக்க அழித்துவிட்டு அடித்தாள்: 'பகல் 1.40 மணிக்கு நான் உணவு இடைவேளையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மேற்படி பெண் சான்றிதழ் கேட்டார். நான் ஜன்னலைச் சாத்தியதில் அவர் விரல் நசுங்கியது.'

அவர் எதையும் படித்துக் கையெழுத்துப் போட்டதில்லை. "படிக்கத்தானே நீ இருக்கே" என்பார். இன்றும் எண்ணெய்க் கையோடு கையெழுத்துப் போட்டு, தானே முத்திரை குத்தி, காவலாளியிடம் நீட்டினார்.

"ஸ்டேஷன்ல குடு. இனிமே ஒருத்தனும் இந்த ஜன்னல்ல கை வைக்க மாட்டான்."

பல்லைக் குத்திக்கொண்டே கைகழுவப் போனார்.

"பயப்படாதீங்கக்கா," என்று டைப்பிஸ்ட் மெதுவாகச் சொன்னாள். "அது உங்க மேல புகார் இல்லை. விரலுக்கு முதல்ல மருந்து போடுங்க."

ஆயாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நசுங்காத கையால் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு டைப்பிஸ்டுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு சுலபமான வேலையா இது? அப்படியானால் அந்தப் பதினொரு பேர்? குமட்டல் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை அவரை நினைத்து இல்லை.